என் பூசணி சூப்புக்கு நடந்த துரோகம்

உலகப் போர்களில்கூட இப்படியொரு துரோகம் நடந்திருக்காது!

கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மாவை இன்று முதன்முறையாகச் சாப்பிட அழைத்திருந்தேன். அவருக்காகவே பூசணிக்காயை அப்பிள் சாற்றில் வேகவைத்து, தங்கமே வெட்கப்படும் நிறத்தில் சூப் காய்ச்சினேன்.

நிலவறையில் துவைத்த உடுப்பை எடுக்கப் போனேன். ஐந்தே நிமிடம்! திரும்பி வந்தால், சூப் செக்கச்செவேல். பக்கத்தில் கரண்டியோடு மனைவி.

"இஞ்சாருமப்பா, என்ன செய்தனீர்?"

"இனிச்சுக் கிடந்துது. ரெண்டு கரண்டி கறித்தூள் போட்டனான். இப்பதான் சாப்பாடு மாதிரிக் கிடக்கு."

வந்தவர் கண்ணீர் வடிய வடிய மூன்று கிண்ணம் குடித்தார். பிறகு என்னிடம் செய்முறை கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னாள்: "அவருக்குச் சமையல் தெரியாது. நான் எழுதித் தாறன்."

கோபத்தில் அவளோடு கதைப்பதை நிறுத்தி நான்கு மணி நேரம் ஆகிறது. அவள் இன்னும் கவனிக்கவில்லை.

எத்தனை நாளில் கவனிப்பார்கள்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.