மகனுக்கு நேர்ந்த காவடியும் வயிற்றுவலியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். முருகன் காரியம், கூடவே என் வீட்டுக்காரர் காரியம். சிரித்துக்கொண்டே எழுதினால் தப்பாகிவிடுமோ என்று பயம். இப்போது அவரே, “எழுதுடி, எனக்கும் சிரிப்புத்தான் வருது” என்று சொல்லிவிட்டார்.

அப்போது குயின் தெருவில் குடியிருந்தோம். மூத்த மகனுக்குப் பதினாலு வயது, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் இவர் அவனை முன்னால் நிறுத்திப் பாடம் கேட்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொள்வான். சோறு இறங்காது. இளைத்துக்கொண்டே போனான். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், திருநீறு பூசினேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

உடனே இவர் சாமி படத்தின்முன் நின்று நேர்ந்துகொண்டார். வருஷப் பரீட்சையில் தேறினால் பிள்ளை தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்தி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பான் என்று.

வலி இரட்டிப்பாகிவிட்டது. “பாஸானா வேல், பெயிலானா அப்பா. நான் எங்கம்மா போவேன்?” என்று என் மடியில் விழுந்து அழுதான்.

நேரே அவரிடம் போனேன். “ஏங்க, நேர்ந்தது உங்க வாய்தானே? உங்க கன்னத்திலேயே குத்திக்குங்க.”

“எனக்கென்னடி பயம்? முருகன் இருக்காரு லா” என்று மீசையை நீவினார்.

அலகு அப்பாவுக்கு என்றானதும் பிள்ளை உற்சாகமாய்ப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். வயிற்றுவலி மட்டும் முழுசாய் விடவில்லை. இவர் விரதம் தொடங்கினார். பூசம் நெருங்க நெருங்க அந்த மீசைக்காரருக்கு வயிறு கலங்கியது. ஒருநாள் காலை கொல்லைக்குப் போனவர் வெகுநேரமாகியும் திரும்பவே இல்லை. மகன் ஓமத்தண்ணீரோடு கக்கூஸ் கதவருகே போய் நின்றான்.

“அப்பா, தொப்புளைச் சுத்தி இழுக்குதா?”

“ஆமாண்டா.”

“அலகை நினைச்சா ஜாஸ்தியாகுதா?”

“ஆமாண்டா. உனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க பாடம் கேக்கிறப்ப எனக்கும் இதே வலிதான்ப்பா.”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிப்புத் தாங்காமல் அடுப்படியில் அகப்பையோடு உட்கார்ந்தே விட்டேன். அன்று பிள்ளை ரசத்தை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டான்.

அதோடு பாடம் கேட்பது நின்றது. தைப்பூசத்தன்று அலகு குத்திய வாயோடு இவர் மலையேற, பக்கத்தில் பால்செம்போடு நடந்த மகன் வழியெல்லாம் பள்ளிக்கூடக் கதைகளாகச் சொல்லித் தள்ளினான். இவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்பனும் மகனும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. எல்லாம் முருகன் செயல்.

படிப்பவர்கள் இதைப் பிள்ளை பெற்ற நாலு பேருக்குச் சொல்லுங்கள். மரியாதை பார்த்துக் கொல்லைப்புறத்தை விட்டுவிட்டுக் காவடியை மட்டும் சொல்லாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.