ராபியா அக்காவும் எட்டு நாள் பிசகும்

போன செவ்வாய்க்கிழமை கோவில்பட்டியிலிருந்து, பழைய ஆலையில் என்னோடு வேலை பார்த்த மாரியப்பன் போன் செய்தார். "சார், ராபியாக்கா தவறிட்டாவ. நெஞ்சு வலி. சாயங்காலம் அடக்கம்." கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். என்னைப் பற்றிய ஓர் உண்மையை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருப்பாரோ என்ற பயம். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவருக்கான அஞ்சலியில் பொய் கலக்க மனம் வரவில்லை.

கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த எங்கள் பட்டாசு ஆலையில் அவர் ஸ்டோர் கிளார்க். சரக்கு இறங்கினால், பேனாவை எடுக்கும் முன் டிரம்மை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வந்தவன். வாய் கொஞ்சம் நீளம்.

அலுமினியத் தூள் டிரம்மில் தேதி இருக்காது. ஆண்டும் வார எண்ணும் மட்டும் இருக்கும். பத்து வாரம் தாண்டினால் கலக்கக் கூடாது என்பது ஆலையின் விதி. நாள்பட்ட தூள் ஈரம் குடித்திருந்தால் கலவை தானாகச் சூடேறும். அந்த வார எண்ணைத் தேதியாக மாற்ற, வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது, முதல் வாரத்தில் புது ஆண்டின் நாட்கள் குறைந்தது எத்தனை வேண்டும் என்ற இரண்டையும் புரோகிராமின் வரையறைக் கோப்பில் நான்தான் குறிக்க வேண்டும். திங்கள், நான்கு நாள் என்று குறித்தேன். உலகத் தரம் என்று படித்த திமிர். 2004 முழுக்க ஒழுங்காகவே ஓடியது.

2005 ஜனவரியில் அக்கா என் மேசைக்கு வந்தார். "சார், இந்த டிரம் டிசம்பர் முப்பத்தொண்ணுலயே நம்ம கைக்கு வந்துட்டு. உங்க கம்ப்யூட்டரு ஜனவரி மூணுல பேக் பண்ணுனதா சொல்லுது. பொறக்குறதுக்கு முன்னாடியே லாரி ஏறிட்டோ?"

"லேபிள் ஒட்டினவன் தப்பா ஒட்டியிருப்பான்க்கா" என்று சிரித்தேன். தூள் அனுப்புகிற கம்பெனி ஞாயிறில் வாரம் தொடங்கி, ஜனவரி ஒன்று விழுகிற வாரத்தையே முதல் வாரமாக எண்ணியது. 2004-இல் ஒரு நாள்தான் வித்தியாசம், கண்ணில் படவில்லை; 2005-இல் ஜனவரி ஒன்று சனிக்கிழமை விழுந்ததால் எட்டு நாள் பிசகு. நான் விசாரிக்கவே இல்லை.

மார்ச்சில் அக்கா தன் தங்கையின் கல்யாணத்துக்காக எட்டயபுரம் போய் இரண்டு நாள் கழித்து வந்தார். காலையில் என் பட்டியலைப் பார்த்தவர் முகம் மாறியது. ஜனவரியில் அவர் காட்டிய அதே டிரம், உண்மையில் பத்து வாரம் தாண்டியது, என் கணக்கில் தாண்டாததால் கலவை ஷெட்டுக்குப் போயிருந்தது. உள்ளே மாரியப்பனையும் சேர்த்து நான்கு பேர். நான் ஓடப் பார்த்தேன். "ஓடாதீங்க சார். ஓடுனா அவங்களும் ஓடுவாவ, கலவைத் தட்டைத் தட்டி விட்டுருவாவ." நடந்தே போனார். நான் வாசலோடு நின்றுவிட்டேன். மூக்கைப் பொசுக்கும் நெடி வந்தது. அவர் தட்டுக்கு மேல் புறங்கையைக் காட்டினார். "சூடு ஏறுது. ஒவ்வொருத்தரா வெளிய வாங்க. எதையும் தொடாதீங்க." கடைசியாக அவர் வந்தார். கால் மணி நேரத்தில் கலவை வெடித்து ஷெட்டின் கூரை போய்விட்டது.

அன்று மாலை அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வாரத்த எப்படி எண்ணுதீங்கன்னு அனுப்புறவங்கட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" மறுநாளே கேட்டு, ஞாயிறு, ஒரு நாள் என்று திருத்தினேன். ஆனால் முதலாளி விசாரித்தபோது என் நாக்கு எழவில்லை. "ஸ்டோர் என் பொறுப்பு" என்று அக்கா மெமோவை வாங்கிக்கொண்டார். அவர் சொல்லிவிடுவாரோ என்று நான்கு வருடம் பயந்தேன். வேறு வேலைக்குப் போன பிறகும் பயந்தேன்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுத் தெருவில் மாரியப்பனிடம் சொல்லிவிட்டேன். "அந்தத் தேதித் தப்பு என்னுது. அக்காவுது இல்ல."

"தெரியும் சார். அன்னைக்கே எங்க நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாவ. 'சாரு திருத்திட்டாரு, இனி பயமில்லாம வேலை பாருங்க'ன்னாவ."

அவர்கள் பயமில்லாமல்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். அவரைக் கிடத்திய சந்தூக் பெட்டி வெளியே வந்தது. மாரியப்பன் விலகி எனக்கு இடம் விட்டார். தோள் கொடுத்தேன். போய் வாருங்கள் அக்கா. இந்த முறை நான் வாசலோடு நிற்கவில்லை.