மேஜைக்கடியில் இருந்த கணவர்

புனேயின் டிசம்பர் குளிரில் என் கம்ப்யூட்டரின் பிராசசரை ஓவர்கிளாக் செய்தேன். அதாவது, அதைத் தயாரித்த கம்பெனி சொன்ன வேகத்துக்கும் மேலே ஓடவிட்டேன். சூடு ஏறவேயில்லை. அது என் சாமர்த்தியமல்ல, குளிரின் தயவு என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் அதே கம்ப்யூட்டரில் மனைவிக்கு வேலைக்கான நேர்காணல். குழந்தைக்காக வேலையை விட்டவளுக்குப் பல வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. ஆரம்பித்த சற்று நேரத்தில் உள்ளிருந்த ஃபேன்கள் அலறத் தொடங்கின. வேகத்தைக் குறைக்க அணைத்துப் போட வேண்டும். விட்டால் சூட்டில் தானாகவே அணைந்துவிடும். இரண்டிலும் அவள் வேலை போச்சு. மேஜைக்கடியில் தவழ்ந்துபோய், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பாக்கர்வடிப் பலகாரம் வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறினேன்.

"நெருக்கடியில் வேலை செய்து பழக்கமுண்டா?" என்றது திரையிலிருந்து ஒரு குரல்.

"உண்டு. இப்போதுகூட என் கணவர் மேஜைக்கடியில் கம்ப்யூட்டருக்கு விசிறிக்கொண்டிருக்கிறார்" என்றாள். அங்கே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படியோ கடைசிவரை அணையவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். "வெளில வாங்க. நீங்க வேகத்தை ஏத்தி வச்சிருக்கறது டிசம்பர்லேர்ந்தே எனக்குத் தெரியும். குறைச்சிடுங்க."

குறைத்தேன். வேலையும் கிடைத்தது. மாதக்கணக்கில் கம்ப்யூட்டரின் சூடு ஏறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த அழைப்புக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.