வாயில் வைத்த மூக்குத்தி

ஓட்டப்பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு மூக்கு குத்தினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் குத்திவிட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நாள் பார்க்காமல் துடைப்பம்கூட வாங்கமாட்டார்கள். நான் ஓடப்போகும் நாளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. முதலில் ஒரு தங்கக் கம்பி. புண் கொஞ்சம் ஆறியதும் அம்மா தன் மூக்கிலிருந்த ஒற்றைக்கல் வைர மூக்குத்தியைக் கழற்றி எனக்குப் போட்டு, உள்பக்கம் திருகாணியை இறுக்கினாள். கல்யாணத்திலிருந்து அவள் கழற்றாதது. அவள் மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை.

எங்கள் பி.டி. மிஸ் முன்பே சொல்லியிருந்தார். பள்ளி பனியன், கறுப்பு ஷார்ட்ஸ், செஸ்ட் நம்பர், அதைக் குத்த நான்கு ஊக்கு. வேறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. தோடு, கொலுசு, சாமிக்கயிறு எதுவும். வீட்டில் சொன்னேன்.

"இப்பக் கழட்டினா ஓட்டை தூந்துடும்," என்றாள் அம்மா. "மேல பிளாஸ்திரி ஒட்டிக்கோ. யார் கையிலயும் குடுக்காத. தொலைச்சேன்னா வீட்டுக்கு வராத."

கடைசி வாக்கியத்தை அம்மா பென்சில் பாக்ஸுக்கும் சொல்வாள், தண்ணீர் பாட்டிலுக்கும் சொல்வாள். வைரத்துக்குச் சொன்னபோது நான் அதை நம்பிவிட்டேன்.

என் போட்டி நானூறு மீட்டர். ஓடுவதற்கு முன் எட்டுப் பேரையும் ஒரு பந்தலில் உட்காரவைத்து, ஒரு டீச்சர் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே போனவர்கள் வெளியே வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். என் பையும் மிஸ்ஸும் மைதானத்தின் எதிர்க்கோடியில். எனக்குப் பக்கத்தில் என் வகுப்புத் தோழி, பெசன்ட் நகர் குப்பத்துப் பெண். எந்நேரமும் கழுத்தில் கிடக்கும் மாதா டாலரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு விவரம் உண்டு.

"இது என்ன?" என்றார் டீச்சர், என் மூக்கிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து.

"புண், மிஸ்."

"ஓரத்துல புண்ணு பளபளன்னு தெரியுதே. கழட்டு. இல்லேன்னா எழுந்து போ."

மேஜைமேல் ஒரு டிபன் பாக்ஸ் மூடி இருந்தது. அதில் பல பள்ளிகளின் கம்மலும் செயினும் பின்னிக் கிடந்தன. "இதுல போடு. ஆனா நாங்க பொறுப்பில்ல," என்றார்.

பிளாஸ்திரியைப் பாதி உரித்து, மூக்குக்குள் விரலை விட்டுத் திருகினேன். கழற்றியபின் திருகாணியைத் திரும்ப மாட்டி ஒன்றாக்கினேன். ஷார்ட்ஸில் பை கிடையாது. சாக்ஸில் வைத்தால் குத்தும், ஷூவில் வைத்தால் நசுங்கும். அந்த மூடியில் போட எனக்கு மனம் வரவில்லை. எங்களை வரிசையாக எழுப்பிவிட்டார்கள். யாரும் பார்க்காதபோது மூக்குத்தியை வாயில் போட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

முதல் இருநூறு மீட்டர் வாயை மூடிக்கொண்டே ஓடினேன். அப்படி யாராவது நானூறு ஓடியிருந்தால் எனக்குக் காட்டுங்கள். கடைசி வளைவில் நெஞ்சு எரிந்தது, வாய் தானாகத் திறந்தது, நாக்குக்கடியில் எதுவோ புரண்டது. ஒரு இருமல் வந்தது. பிறகு தொண்டையில் ஒரு கீறல். பிறகு ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டே நாக்கால் வாய் முழுக்கத் தேடினேன். இரண்டாவதாக வந்தேன் என்பதை அப்புறம்தான் சொன்னார்கள்.

புல்லில் உட்கார்ந்து தோழியிடம், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, வைரத்தை முழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"செத்துருவாங்க," என்றாள் அவள், சமோசாவைக் கடித்துக்கொண்டே. "பழைய படத்துல ராஜா வைர மோதிரத்த வாயில வச்சிக்கினு சாவறான்ல. கொடல அறுத்துரும். இன்னாத்துக்குக் கேக்குற?"

"சும்மா."

பயம் எனக்குக் காலிலிருந்துதான் ஏறியது. பதக்கம் வாங்க மேடை ஏறும்போது ஒவ்வொரு படியையும் மெதுவாக வைத்தேன், உள்ளே இருக்கும் கல் எங்கேயும் உரசிவிடக்கூடாது. கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்து, அதே பிளாஸ்திரியை வெறும் துளைமேல் அழுத்தி ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, யாரையோ எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு நான் சாகப்போகிறேன், இவருக்கு அது தெரியாது என்று நினைத்து அழுகை வந்தது.

வீட்டில் அம்மாவின் போனை எடுத்துத் தேடினேன். பாதிப் பேர் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தார்கள், பாதிப் பேர் நிச்சயம் மரணம் என்று. நான் இரண்டாவது பாதியை நம்பினேன். அம்மாவோ வெள்ளிப் பதக்கத்தைச் சாமி படத்தில் மாட்டிவிட்டு, நெய் விட்டுக் கேசரி கிண்டினாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. சாப்பிட்டால் குடல் அசையும், அசைந்தால் அறுக்கும். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை சமையலறை வாசல்வரை போனேன். செத்துப்போவதைவிட அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பதினைந்து வயதில் என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

விளக்கேற்றும் நேரத்தில் அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "ஆம்பளப் புள்ள மாதிரி ஓடிட்டு வந்து மூஞ்சிகூடக் கழுவல. காட்டு, எண்ணெய் வைக்கறேன்." நான் தலையைத் திருப்புவதற்குள் பிளாஸ்திரியை உரித்துவிட்டாள்.

"எங்கடி?"

நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா அடுப்பை அணைத்தாள், செருப்பு மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் என்னை ஆட்டோவில் ஏற்றினாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் என் விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு சின்ன ஆணி வெள்ளையாகத் தெரிந்தது.

"வைரம் ஒண்ணும் பண்ணாது," என்றார் டாக்டர். "வயித்துலதான் இருக்கு, ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும். மூச்சு வாங்கறப்ப இது மூச்சுக்குழாய்ல போயிருந்தா, கிரவுண்டுலயே..." என்று ஆரம்பித்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாள் முழுக்கத் தப்பான சாவுக்குப் பயந்திருக்கிறேன். சரியான சாவு கடைசி வளைவில், ஒரு இருமலில், என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. அது புரிந்ததும் எனக்கு வந்த பயம் மைதானத்தில் வந்ததைவிடப் பெரியது. இன்றும் வாயில் மிட்டாய் இருந்தால் நான் மாடிப்படி ஏறுவதில்லை.

திரும்பும் ஆட்டோவில், மயிலாப்பூருக்குள் நுழையும்போது அம்மா, "தொலைச்சா வீட்டுக்கு வராதன்னு சொன்னேனா நான்?" என்று கேட்டாள்.

"சொன்ன."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டு வாசல்வரை விடவில்லை.

மூக்குத்தி மூன்றாம் நாள் வந்தது. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதமாட்டேன். அம்மா அதை மூன்று தடவை கொதிக்கவைத்தாள். நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா திரும்பத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டாள். எனக்கு, துளை தூராமலிருக்க, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சித் துண்டு.

அடுத்த சுற்றுப் போட்டிக்கு அம்மாவும் வந்தாள். பந்தலுக்கு வெளியே கயிற்றை ஒட்டி நின்றாள். வேறொரு டீச்சர் ஈர்க்குச்சியைப் பார்த்து, இதுவும் ஆகாது என்றார். அம்மா கயிற்றுக்கு மேலாக உள்ளங்கையை நீட்டினாள். எடுத்துப் போட்டேன். ஒரு துண்டுக் குச்சி, அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"சரி, எதுவும் இல்ல. போகலாம்," என்றார் டீச்சர்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அம்மா. மற்ற ஏழு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றின்மேல் குனிந்து என் தாடையைப் பிடித்தாள். "ஆ காட்டு."

காட்டினேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன்.