என் மகனின் பகல் தூக்கத்துக்காக மன்றாடினேன்

பிரியமான விசுவாசிகளே, ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதத்தில் என் மகன் அருளப்பன் பகலில் தூங்குவதை விட்டுவிட்டான். அப்போது அவனுக்கு ஐந்து மாதம். இதுவும் ஒரு கஷ்டமா என்று நினைப்பீர்கள். பொழுது விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை கண் மூடாத பிள்ளையை வைத்திருந்தால்தான் தெரியும். கண்ணைக் கசக்குவான். காதைப் பிடித்து இழுப்பான். அழுவான். சாயங்காலம் அழுவதற்குக் குரலே இருக்காது. பாலுக்கு வாய் வைத்ததும் திமிறுவான். கையும் காலும் சூம்பிக்கொண்டு வந்தன.

புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "வியாதி ஒண்ணும் இல்லம்மா. பிள்ளையத் தூங்க விடுங்க. இப்படியே எளைச்சுக்கிட்டுப் போனா ஒடம்பு தாங்காது" என்றார்.

தூங்க விடச் சொல்லிவிட்டார். விடுவதற்கு யார் இருந்தார்கள்?

கல்யாணமாகிப் பல வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, ஆவூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு இவனைப் பெற்றேன். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்னவாசல் சந்தைக்கு மாடு பார்க்கப் போனாலும் மாட்டை விட்டுவிட்டு மகனைப் பற்றித்தான் பேசுவார். "வந்து பாத்துட்டுப் போங்க, மாதா குடுத்த புள்ள" என்பார். வந்தார்கள். நம்மவர்களும் வந்தார்கள், இந்துக்களும் வந்தார்கள். முக்கியமாகப் பிள்ளை இல்லாத பெண்கள் வந்தார்கள். இவனை ஒரு தடவை மடியில் வாங்கினால் தங்களுக்கும் பிள்ளை பிறக்கும் என்று நம்பினார்கள்.

அவன் அப்போதுதான் கண் அயர்வான். வாசலில் குரல் கேட்கும். "தூங்குறானா தாயி? எழுப்ப வேணாம். ஒரே ஒரு தடவ மடியில வச்சுட்டுத் தந்துர்றேன்." நானும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டுமென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமல்ல. அந்தப் பெண்களைப் போல நானும் எத்தனையோ வீடுகளில் மடியை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனசை எரித்தது வேறொன்று. அதே வீட்டில் என் கொழுந்தன் மனைவி சவேரியம்மாள் இருந்தாள். அவளுக்கும் அதே பங்குனியில் ஒரு மகன் பிறந்திருந்தான், சின்னப்பன் என்று பெயர். அவளுக்கு அவன் ஐந்தாவது. அவனைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அடுப்படி மூலையில், இருட்டில், தூளியில் கிடந்து வாயில் எச்சில் வடியத் தூங்குவான். காலையில் ஒரு தூக்கம், உச்சியில் ஒரு தூக்கம், மறுபடி ஒன்று. கன்னம் இரண்டும் தொங்கும். நான் என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து, அசையாமல் தொங்கும் அந்தத் தூளியையே பார்ப்பேன். என் வயிறு பற்றி எரியும். ஒரு நாள் வெண்கலப் பானையை அதன் பக்கத்தில் வைத்துச் சத்தம் வரும்படி தேய்த்தேன். அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

சவேரியம்மாள் சிரிப்பாள். "அக்கா, ஒங்க மகன் ராசா, தரிசனம் குடுக்குறவரு. எம்மகன் ஏழை. தூங்கிட்டுப் போறான், விடுங்க." அவள் விளையாட்டாகச் சொல்வாள். எனக்கு நாள் முழுதும் சோறு இறங்காது. முழங்காலில் இருக்கும்போதும் அந்தப் பிள்ளைதான் கண்ணுக்குள் நிற்பான். அவன் தூக்கத்தில் பாதியை எடுத்து என் பிள்ளைக்குக் கொடு என்று மாதாவிடம் கேட்டேன். அப்படிக்கூட ஒரு மன்றாட்டு உண்டா? நான் செய்தேன்.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் விடியலில் மாதா படத்துக்கு முன் விழுந்து அழுதேன். "தாயே, பிள்ளையைக் கொடுத்தாய். அவனுக்குத் தூக்கத்தையும் கொடு. இல்லாவிட்டால் எனக்கு ஒரு வாயைக் கொடு" என்றேன்.

அன்று வெயில் ஏறும் நேரம். அருளப்பன் கண்ணைக் கசக்கத் தொடங்கினான். வாசலில் நாய் குரைத்தது. கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் தாயும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் எழுந்திருப்பதற்குள் சவேரியம்மாள் உள்ளே வந்தாள். என் மடியிலிருந்தவனை எடுத்துக்கொண்டாள். தன் மகனை என் மடியில் போட்டாள்.

"இவன வச்சுக்கிட்டு உக்காருங்கக்கா. தூங்கி எந்திரிச்சுட்டான். எத்தன பேரு தூக்குனாலும் சிரிப்பான்."

"ஏண்டி, இவன் ஒம்மகனாச்சே! மாதா குடுத்த புள்ளையப் பாக்கன்னு வாராக."

"மாதா குடுக்காம இவன் எங்கிட்டு இருந்து வந்தானாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தாய்க்காரி கன்னத்தைக் கிள்ளினாள். "அடியாத்தீ, என்னா களை! மாதா புள்ளைன்னா சும்மாவா!" என்றாள். ஐந்து மாதத்தில் என் மகனை ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. அவனைப் பார்த்து "சவலையா இருக்கானே" என்றுதான் சொல்வார்கள். இன்று கிடைத்த புகழையும் சின்னப்பன் வாங்கிக்கொண்டான். என் நெஞ்சு கசந்தது. ஆனால் என் காதெல்லாம் அடுப்படியில் இருந்தது. தூளிக் கயிறு கொஞ்ச நேரம் கிரீச்சிட்டது. பிறகு நின்றது. அழுகை வரவில்லை. என் பிள்ளை தூங்கிவிட்டான்.

அந்தப் பெண் சின்னப்பனை மடியில் வாங்கிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கண்ணீர் வழிந்து அவன் தலையில் விழுந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாய் திறந்தது அன்றுதான்.

"இது எம்புள்ள இல்லம்மா. எங்கொழுந்தன் மகன். எம்புள்ள உள்ள தூங்குறான். தூக்கம் இல்லாமத் தேஞ்சு போயிட்டான். இப்ப அவன எழுப்ப மாட்டேன்."

தாய்க்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்புட்டுத் தூரம் பஸ்ஸு ஏறி வந்தவுகள ஏமாத்தப் பாத்தியளோ?"

"சும்மா இரு ஆத்தா" என்றாள் மகள். என்னைப் பார்த்து, "புள்ள தூங்கட்டுங்க்கா. இவன இன்னுங் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன். வாங்கிறாதீங்க" என்றாள். சின்னப்பன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அருளப்பன் உச்சி தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு தடவை போய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். "பேசாம வாங்கக்கா, எழுப்பித் தொலைச்சுறாதீக" என்று சவேரியம்மாள் அதட்டினாள்.

அதன் பிறகு அவள் சொல்லித் தந்தபடி நடந்தேன். அழும் வரை காத்திராமல், கண் சொருகும்போதே படுக்க வைத்தேன். தினமும் அதே இருட்டு மூலை, அதே நேரம். ஊருக்கு, பூசைக்கு என்று போய் ஒரு தூக்கம் தப்பிவிட்டால், இனி எப்படித் தூங்குவான் என்று விட்டுவிடாமல், அன்று விளக்கு வைக்கும் முன்பே படுக்கப் போட்டேன். என் வீட்டுக்காரரிடமும், வருகிறவர்களைப் பொழுது சாய வரச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வந்தவர்களிடம் அப்படியே சொன்னார். கார்த்திகை பிறக்கும்போது என் மகன் முகத்தில் சதை பிடித்திருந்தது.

பொறாமை முழுவதும் போய்விட்டதென்று எழுதினால் அது பொய். இன்றும் சின்னப்பன்தான் முதலில் தூங்குகிறான். ஆனால் இப்போது நான் அந்தத் தூளியையும் ஆட்டிவிட்டுத்தான் வருகிறேன். அவன் பெயரையும் சொல்லித்தான் மன்றாடுகிறேன்.

பிள்ளையைப் பெற்றுத் தவிக்கிற தாய்மாரே, மாதாவிடம் கேளுங்கள். உங்கள் மன்றாட்டு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அவள் முகம் திருப்ப மாட்டாள். அவள் அனுப்பும் உதவி, உங்களுக்குப் பார்க்கவே பிடிக்காத ஒருத்தியின் கையில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கைக்காகச் சர்வேசுரனுக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.