அம்மா அளந்த படிக்கட்டு

ஹட்டனில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டைக் காட்ட அம்மாவை அழைத்துப்போன அன்று, அவள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தரகர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, "அம்மா, இங்க வந்து பாரு, தண்ணி எப்புடி வருதுன்னு!" என்று கத்தினேன். பதில் இல்லை. வெளியே வந்து பார்த்தால், மேல் ரோட்டிலிருந்து இறங்கிவரும் படிக்கட்டின் வளைவில் நின்று, இரண்டு கைகளையும் விரித்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது திரும்பாதுடி" என்றாள்.

அலுமாரியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அதெல்லாம் கழட்டிக் கொண்டாந்துரலாம்மா. நீ உள்ள வா."

"அலுமாரிய யாரு சொன்னா? என்னையச் சொல்றேன். நாளைக்கு நான் செத்தா, பொட்டி இதுல எப்புடித் திரும்பும்?"

தரகர் சிரித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் சேர்த்து அந்தப் படிக்கட்டில் உருட்டிவிடலாம் போலிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக, புது வீட்டு வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது?

வீடு பள்ளத்தில் இருந்தது. ரோட்டைப் பார்த்தபடி ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு, அதற்குப் பின்னால் கீழே எங்களுடையது. அவர்கள் வீட்டுப் பக்கச் சுவருக்கும் மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவருக்கும் நடுவே, ஒருவர் பின் ஒருவராக இறங்கத்தக்க படிக்கட்டு. பாதி வழியில் சட்டென்று மடங்கி எங்கள் முற்றத்துக்கு வரும். வேறு வழி கிடையாது. அதனால்தான் அந்த விலை எங்கள் கைக்கு எட்டியது. "கார் வராது டீச்சர், ஆனா காத்து வரும்" என்று தரகர் முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், மண்சரிவைப் பற்றிக் கேட்டார்கள், கோயில் பக்கமா என்று கேட்டார்கள். பெட்டி திரும்புமா என்று கேட்டவள் என் அம்மா ஒருத்திதான்.

நான் அவளுக்கு ஒரே பிள்ளை. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஓர் அறையும் ஓர் அடுப்படியுமான லயத்து வரிசைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்துக் கூடை சுமந்தே அம்மா என்னைப் படிக்க வைத்தாள், நான் ஆசிரியையானேன். அப்பா போய்ச் சேர்ந்து, அம்மாவும் வேலையிலிருந்து நின்ற பிறகு, எங்கள் குடும்பத்தில் காலையில் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஆளில்லை. தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு லயத்துக் காம்பரா எதற்கு என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஜாடையாகக் கேட்கத் தொடங்கியிருந்தார். எங்கள் பரம்பரையில் யார் பெயரிலும் ஒரு கைப்பிடி மண் இருந்ததில்லை. வங்கிக் கடன் எடுத்து, வக்கீல் முன்னால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அந்தப் பெருமையின் மேல்தான் அம்மா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அலுமாரி உண்மையிலேயே திரும்பவில்லை. கழற்றி, பலகை பலகையாக இறக்கி, உள்ளே வைத்து மறுபடி பொருத்தினோம். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். "கழட்டிக் கொண்டாந்துட்டீங்க. நல்லது. என்னையும் கழட்டித்தான் கொண்டு போவீங்களா?" என்றாள். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு ஒரு விறகு வந்துவிடும். சாவு வீட்டில் நெருப்பு அணையக் கூடாது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் விறகு. குழி வெட்ட ஒரு கூட்டம் தானாகப் போகும். பாடை கட்ட ஒரு கூட்டம். அம்மா எத்தனை வீட்டுக்கு விறகு சுமந்திருப்பாள், எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. "தோட்டத்துல நாலு பேரச் சம்பாதிச்சு வச்சிருக்கேன்டி. ஒன் டவுன்ல கதவத் தொறந்தா அடுத்த ஊட்டுக் கதவு சாத்திக் கெடக்கு. இங்க என்னைய யாரு தூக்குவா?" என்பாள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள். எனக்குச் சோறு இறங்காது.

கதவு சாத்திக் கிடந்தது என்னவோ உண்மைதான். மேல் வீட்டுக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. வழியில் கண்டால், "எப்புடி டீச்சர், சுகமா?" என்பார். அவ்வளவுதான். அவரைப் பெற்ற உம்மாவைப் பின்கதவில் எப்போதாவது பார்ப்போம். அந்தப் பின்கதவு எங்கள் முற்றத்துக்கு நேர் மேலே இருந்தது. அதிலிருந்து எங்கள் பக்கம் இறங்க அகலமான பழைய கல்படிகளும் இருந்தன. ஆனால் யாரும் இறங்கியதில்லை.

அம்மா கிழமைக்கு ஒரு முறை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவாள். திரும்பும்போது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறுகளை, கட்டாகக் கட்டிப் பஸ்ஸிலேயே கொண்டுவருவாள். கேஸ் அடுப்பில் சுடவைத்த தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம்! முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து, மிலாறு எரித்து, அதில்தான் குளிக்கத் தண்ணீர் சுடவைப்பாள். புகை முழுதும் என் துவைத்த துணிகளில்.

ஒரு நாள் விடிகாலையில் மேல் வீட்டில் அழுகை கேட்டது. நானாவின் வாப்பா, உம்மாவின் கணவர், மௌத்தாகிவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, எந்தச் சேலை கட்டுவது, எந்நேரம் போனால் சரியாக இருக்கும் என்று கணவரோடு யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மா ஒரு கட்டு மிலாறைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்படிகளில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ அம்மா! அவங்க கேஸ்ல சமைக்கிறவங்க. இன்னைக்கு அடுப்பே மூட்ட மாட்டாங்க. வெறக வச்சு என்னா செய்வாங்க? மானத்த வாங்காத, எறங்கு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாவு ஊட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போவாங்க?" என்றாள்.

பின்கதவைத் திறந்த நானாவின் மனைவி விறகைப் பார்த்துத் திகைத்து நின்றது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து உம்மா வந்தார். அழுது வீங்கிய முகம். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் கட்டை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

பகல் தொழுகைக்கு முன்பே ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். முன்வாசலால் ஆண்கள் கொண்டுபோக, பெண்கள் உள்ளேயே நின்றோம். அம்மாவுக்கு அதிர்ச்சி. "அதுக்குள்ளயுமா?" என்று என் காதில் கேட்டாள். தோட்டத்தில் என்றால் ஒரு ராத்திரியாவது கிடத்தி அழுவார்கள். அழ நேரம் கொடுக்காமல் கொண்டுபோய்விட்டார்களே என்று அவளுக்கு அந்தம்மாவின் மேல் பரிதாபம் வந்துவிட்டது. எல்லோரும் போன பிறகும் இருந்து கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அதற்குப் பிறகு உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் மாதக்கணக்கில் வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கும் முறை அது. அம்மாவுக்கு அதை விளக்கிச் சொன்னேன். "அப்ப, அந்த மனுசி பேச ஆளு இல்லாம கெடக்கணுமா?" என்றவள், அன்றிலிருந்து தினமும் பின்கதவுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் கதவுக்கு உள்ளே, இவள் வெளியே. ஒருவர் உளுந்து புடைப்பார், இன்னொருவர் வெங்காயம் உரிப்பார். என்னதான் பேசுவார்களோ. சில நேரம் சிரிப்புச் சத்தம்கூட வரும். ஒரு நாள் நானா வழியில் நிறுத்தி, "டீச்சர், அம்மா கொண்டந்த அந்த விறக உம்மா ஒருத்தரயும் தொட உடுற இல்ல" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் நானும் சும்மா சிரித்து வைத்தேன்.

இத்தா முடிந்தது, படியில் உட்காருவது முடியவில்லை. இரண்டு மழைக்காலம் அப்படியே போனது. பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து எழுதி, வீட்டுக்கு அனுப்பினார்கள். மேல் ரோட்டிலிருந்து அவளை முதுகில் சுமந்துதான் என் கணவர் அந்தப் படிகளில் இறக்கினார். வளைவு வந்ததும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்னையத் தோட்டத்துக்குக் கொண்டு போயிருங்கப்பா" என்று அவரிடம் சொன்னாள். "அங்க செத்தா வழி இருக்கு."

எங்கே கொண்டுபோவது? எங்கள் காம்பராவில் அப்போது வேறு குடும்பம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். "சும்மா சாவு சாவுன்னு பேசிக்கிட்டு! ஒனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அதட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஒரு மழைநாள் காலையில் அம்மா போய்விட்டாள். கட்டிலில், என் கையைப் பிடித்தபடி. நோகாமல் போனாள், அது போதும்.

தகவல் போன வேகத்தில் தோட்டத்திலிருந்து லொறி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவள் சம்பாதித்த நாலு பேர் நாற்பது பேராக வந்திருந்தார்கள். தோட்டத்திலேயே குழி வெட்ட ஆள் போட்டுவிட்டுத்தான் வந்தோம் என்றார்கள். தப்பு அடிக்கிறவர் மேல் ரோட்டில் நின்று அடித்தார். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. மூலையில் அம்மாவின் மூன்று கல் அடுப்பில் யாரோ பெரிய சட்டியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். யாரென்று பார்த்தேன். உம்மா குனிந்து நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மிலாறுக் கட்டு. அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் கட்டிய கட்டு. முடிச்சை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்.

அதுவரை நான் வாய்விட்டு அழவில்லை. அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள், தூக்குகிற நேரம் வந்தது. வெறும் பெட்டியைக் காலையில் செங்குத்தாக நிறுத்தித் திருப்பி இறக்கியிருந்தார்கள். இப்போது ஆளோடு எப்படி? தோட்டத்துத் தலைவர் வளைவில் போய் நின்று பார்த்தார், கையை விரித்து அளந்தார், அம்மா செய்ததைப் போலவே. இறங்கிவந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நிமுத்தித்தான் கொண்டு போகணுங்க. கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டா..."

"எங்கம்மாவ நிக்க வைக்காதீங்க!" என்று கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. "அவ பயந்ததே இதுக்குத்தான். நிக்க வைக்காதீங்க!"

மழை பெய்துகொண்டே இருந்தது. கடன் பட்டு, கையெழுத்துப் போட்டு, இந்த வீட்டை வாங்கியவள் நான்தான். அந்த வளைவைப் பார்த்தபடி நின்றேன்.

"மகள்" என்று உம்மா கூப்பிட்டார். கல்படியில் நின்றுகொண்டிருந்தார். "எங்கட வீட்டால கொண்டு போங்க."

மேலே பின்கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. அதன் வழியே முன்வாசலும், அதற்கு அப்பால் ரோட்டில் நிற்கும் லொறியும் தெரிந்தன. நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளி, பாயைச் சுருட்டி, வழியெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார்.

தலைவர் பதறிவிட்டார். "வேணாங்கம்மா. இன்னொருத்தங்க ஊட்டுக்குள்ளாற சாவு போகக்கூடாதுங்க. அது ஆகாதுங்க. நாளப்பின்ன ஒண்ணுன்னா..."

"இந்த வாசலால தானே எங்கட அவரும் போன" என்றார் உம்மா. "அவவும் போகட்டும்."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தப்புக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார், சத்தம் நின்றது. முன்னால் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர், பின்னால் என் கணவரும் நானாவும். கல்படிகளில் மெதுவாக ஏறினார்கள். சமையலறை, கூடம், முன்வாசல். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள், யாரும் சொல்லவில்லை. நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முன்வாசலோடு நாங்கள் இருவரும் நின்றுகொண்டோம்.

பெட்டியை எங்கேயும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அம்மா நேராகப் போனாள்.