எம்.டி. என்ற இரண்டு எழுத்து

1951-ஆம் வருஷம். திருவனந்தபுரத்தில் ஆரியசாலைப் பக்கம் குடியிருந்தோம். நான் இன்டர்மீடியட் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

யுத்தத்தின்போது அப்பா பர்மா எல்லையில் ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டியவர். திரும்பி வந்தபின் நிரந்தர வேலை எதுவும் அமையவில்லை. அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர் தேவை என்று தெரிந்தது. ராணுவப் பணிக் குறிப்பையும் மருத்துவக் குறிப்பையும் சேர்த்து மறுநாளே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ராணுவ ஆபீஸுக்கு முன்பே எழுதிக் கேட்டு வரவழைத்திருந்த தாள்களை, "நீயே படிச்சு எழுது மக்ளே" என்று அப்பா என்னிடம் நீட்டினார்.

முதல் தாளில் 'டிரைவர், மோட்டார் டிரான்ஸ்போர்ட் (எம்.டி.)' என்று தெளிவாக டைப் அடித்திருந்தது. இரண்டாவது, ஆஸ்பத்திரித் தாள். டாக்டரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. தட்டுத் தடுமாறி மூன்றே சொற்களைப் பிடித்தேன்: 'எம்.டி.', 'டேஞ்சரஸ்', 'டிஸ்சார்ஜ்டு'. எனக்குப் பகீரென்றது. மோட்டாரை ஆபத்தாக ஓட்டியதற்காக அப்பாவை வேலையை விட்டே நீக்கியிருக்கிறார்கள்! விண்ணப்பத்திலோ, முன்பு பணிநீக்கம் செய்யப்பட்டது உண்டா என்று ஒரு கேள்வி.

"அப்பா, வண்டிய எங்க கொண்டு மோதினீங்க?"

"நானா? எங்கயும் மோதல்லியே. காச்சல்லதான் ஆஸ்பத்திரில கெடந்தேன்."

"மறைக்காதீங்க அப்பா. இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா எழுதியிருக்கு? அப்ப இந்த வேலை வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் பழவங்காடியில் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தார். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதினால் தப்பிக்கலாம் என்று கேட்க, தாள்களோடு அவரிடம் ஓடினேன்.

படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியே நழுவிவிட்டது.

"மோளே, இது வண்டியல்ல, காச்சலாக்கும்! ஆளைக் கொல்லுற மலேரியா ஒண்ணு உண்டு, 'மலிக்னன்ட் டெர்ஷியன்'னு. அதையும் நாங்க எம்.டி.ன்னுதான் எழுதுவோம். டேஞ்சரஸ்னா, பிழைப்பாரான்னு தெரியாத நோயாளி. டிஸ்சார்ஜ்னா, குணமாகி ஆஸ்பத்திரியிலேந்து விட்டாச்சு, அவ்வளவுதான்!"

பிறகு, நான் கவனிக்காமல் விட்ட கடைசி வரியைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். அவர் சிரிப்பு நின்றது. கடும் காய்ச்சலோடு இந்த டிரைவர் காயம்பட்ட நான்கு பேரை ஆஸ்பத்திரி வாசல்வரை தானே ஓட்டிக்கொண்டு வந்தார், அவர்களை இறக்கிய பிறகுதான் ஸ்டியரிங் மேலேயே மயங்கிச் சரிந்தார் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து அந்த வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஹாண்ட் பிரேக் போட்டேனா இல்லியான்னு எனக்கு இன்னும் சந்தேகம். அதப் பத்தி ஒண்ணும் எழுதல்லியே?"

அழுதுகொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "மன்னிச்சுக்கோங்க அப்பா" என்றேன். "அது போட்டும் மக்ளே, மொதல்ல அந்தப் பேப்பரை எழுது" என்றார்.

வேலை கிடைத்தது. வயதாகி ஓய்வு பெறும்வரை அப்பா அந்த ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸைத்தான் ஓட்டினார். அரைகுறையாகப் படித்த மூன்று சொற்களை நம்பி, என்னைப் பெற்றவர் சொன்னதை நம்பாமல் போன அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சில் சுருக்கென்றும் தைக்கும்.